எட்டாம் ரவுண்டில் விழுந்த துவாய்

பிளேஸ்டோ
2 மார்ச் 2025

அன்புள்ள றொஜன்,

என் நம்பரை நீ தடை செய்துவிட்டாய். வட்ஸ்அப்பிலிருந்தும் தூக்கிவிட்டாய். நேரில் வந்தால் உன் மனைவி லோஜினி கதவைப் பாதி திறந்து, "அவர் நித்திரை அண்ணை" என்கிறாள். அவளுக்குப் பின்னால் நீ தும்முவது கேட்கிறது. அதனால்தான் தபால். முத்திரையை உன் அக்காதான் ஒட்டித் தந்தாள். "மச்சானும் மச்சானும் சண்டை பிடிக்க நான் முத்திரை ஒட்டுறன்" என்று பிறின்சி முணுமுணுத்ததையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டுக் கழகத் தலைவர் கிறிஸ்துநாயகம் ஜூன் கடைசியில் உனக்குப் பிரியாவிடை விழா வைக்கிறார். கோயில் மண்டபம், பொன்னாடை, ஆளுயர மாலை, எல்லாம் உண்டு. விழா மலர் ஒன்றும் அச்சடிக்கிறார்கள். உன் பதினான்கு வருடக் குத்துச்சண்டையை மதிப்பிட்டு நான் எழுத வேண்டுமாம். "ரிங் மூலையிலை நிண்ட மாஸ்டர் நீங்கள். நீங்கள் எழுதினாத்தான் வடிவு" என்றார். தலைப்பை மட்டும் அவரே வைத்துவிட்டார்: 'மன்னார் ஈன்ற மாமலை.' மன்னாரை விட்டு வரும்போது உனக்கு ஐந்து வயது. மலை மாதிரி இருக்கவில்லை, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பஸ் ஓட்டுகிற நேரமெல்லாம் மனதுக்குள் எழுதிப் பார்க்கிறேன். ஹெவிவெயிட்டில் ஒரு தமிழனா என்று சிரித்தவர்களின் வாயை நீ மூடினாய். இருபத்தாறு சண்டையில் இருபது வெற்றி. இங்கிலாந்தின் தென்பகுதிப் பட்டம் இரண்டு வருடம் உன் இடுப்பில் இருந்தது. உன் இடது கைக் குத்தை, அந்த ஜப்பைப் பார்க்கவென்றே காசு கொடுத்து வந்த வெள்ளைக்காரர்களை நான் அறிவேன். ஆனால் அந்தப் பட்டத்தை நீ பறித்தபோது எதிராளிக்கு வயது முப்பத்தொன்பது, முழங்காலும் சரியில்லை. அதையும் எழுதுவேன். உன் கால்கள் சோம்பல். விலாவில் அடி விழுந்தால் கையை இறக்குவாய். அதைப் பற்றிப் பதினான்கு வருடம் கத்தினேன், கேட்கவில்லை. தேசியப் பட்டச் சண்டைக்கு அழைப்பு வந்தபோது தோள் நோகிறது என்று தள்ளிப்போட்டாய். அந்த அழைப்பு திரும்பி வரவேயில்லை. தோள் நொந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

உன்னைப் பெரிய வீரன் என்று எழுதமாட்டேன். நல்ல வீரன் என்று எழுதுவேன். லண்டனில் அந்தச் சொல்லைச் சம்பாதித்தவர்கள் கொஞ்சப் பேர்தான். உன் பக்கத்தில் நின்றேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பெத்னல் கிரீனில் நடந்த கடைசிச் சண்டைக்கு வரும்போதுதான் பேனா நிற்கிறது. எட்டாம் ரவுண்டுக்கு மணி அடித்ததும், சண்டையை நிறுத்தச் சொல்லி நான் துவாயை எறிந்தேன். நீ தோற்றாய். அவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தை உன்னோடு பேசாமல் எழுத முடியாது. ஒருமுறை வா.

சூசைதாசன்


கோலியர்ஸ் வுட்
9 மார்ச் 2025

அத்தானுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதியது போல இருந்தது. உங்களோடு தமிழில் சண்டை பிடித்தால்தான் சண்டை மாதிரி இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைத் திட்டுங்கள்.

பிரியாவிடை யாருக்கு? நான் போகிறேன் என்று யார் சொன்னது? நீங்களும் கிறிஸ்துநாயகம் மாமாவும் சேர்ந்து உயிரோடு இருக்கிறவனுக்கு முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடிக்கப் போகிறீர்களா?

பத்து ரவுண்ட் சண்டை அத்தான். ஏழு முடிந்திருந்தது. இரண்டு நடுவர்களின் புள்ளியில் நான்தான் முன்னுக்கு. எதிராளி மேப்லியின் புருவம் கிழிந்து அவனுக்கு வலது கண்ணே தெரியவில்லை. நின்றாலே வென்றிருப்பேன். டொக்டர் மேலே ஏறி என் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பெயர் என்ன, எங்கே நிற்கிறாய், அடுத்தது எத்தனையாவது ரவுண்ட் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். தொலைக்காட்சியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நான் எழும்பி நடக்கிறேன், என் தலைக்கு மேலால் வெள்ளைத் துவாய் ஒன்று பறக்கிறது. அவனுடைய மூலையிலிருந்துதான் வருகிறதாக்கும் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். நான் வென்றுவிட்டேன் என்று கையைத் தூக்கினேன்! அந்தப் படத்தைப் போட்டு எத்தனை பேர் சிரித்தார்கள் தெரியுமா?

ஒரு வீரனுடைய கடைசிச் சண்டையைத்தான் சனம் ஞாபகம் வைத்திருக்கும். என்னுடையதில் இருப்பது உங்கள் துவாய். அதை அப்படியே விட்டுவிட்டுப் போகமாட்டேன்.

மே 31, லாத்வியாவில், ரீகாவில் சண்டை. இங்கேயுள்ள குத்துச்சண்டை வாரியத்தின் லைசன்ஸ் அங்கே தேவையில்லை. புது மாஸ்டர் ஸ்டீவ், குரொய்டனில் ஜிம் வைத்திருக்கிறார். அவருக்கு என் கால்கள் பிடித்திருக்கின்றன.

தோள் நொந்தது. உண்மையாகவே நொந்தது.

றொஜன்


பிளேஸ்டோ
15 மார்ச் 2025

றொஜன்,

ரீகா என்று வாசித்ததும் உட்கார்ந்துவிட்டேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்திருந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை, எழுதுகிறேன். பிறின்சிக்கும் இன்னும் சொல்லவில்லை.

நாம் மூலையில் தமிழில் பேசுவது எதற்காக என்று உனக்குத் தெரியும். உன் இரண்டாம் வருடத்தில் நான் ஆங்கிலத்தில் "விலாவுக்கு அடி" என்று சொன்னதை எதிர்மூலைக்காரன் கேட்டுத் தன் ஆளை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டான். அன்றைக்கு முடிவெடுத்தோம். அதன் பிறகு யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. தொலைக்காட்சிக்காரர்கூட நம் மூலையின் சத்தத்தை அணைத்துவிடுவார்கள். அது நமக்கு எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தது! இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஏழாம் ரவுண்ட் முடிந்து வந்து ஸ்டூலில் இருந்தாய். காயம் அடைக்கும் பிராங்க் உன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "என்ன செய்யுது?" என்று கேட்டேன். நீ சொன்னது இது:

"அத்தான், அம்மா வெளியிலை குளிருக்கை நிக்கிறா. ஆரும் உள்ளுக்கு விடேல்லை. போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

உன் அம்மா, மாமி பிலோமினம்மா, கண்ணை மூடி ஆறு வருடம். அவர் உன் சண்டையை ஒருநாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை. வாசலில் செபமாலையோடு நிற்பார். எனக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் நீ அதை ஞாபகத்தில் சொல்லவில்லை. அவர் அங்கே நிற்கிறார் என்று சொன்னாய். என்னை எழும்பிப் போகச் சொல்லித் தள்ளினாய்.

"ஆர் நிக்கிறா?" என்று மறுபடி கேட்டேன். கோபித்தாய். "அம்மா! ஜக்கெற்றும் போடேல்லை!"

அந்த நேரம்தான் டொக்டர் ஏறினார். ஆங்கிலத்தில் கேட்டார். நீ ஆங்கிலத்தில் பதில் சொன்னாய், படார் படாரென்று, ஒன்றும் பிழையில்லை. பதினான்கு வருடம் அதே மூன்று கேள்விக்கு அதே மாதிரிப் பதில் சொல்லிப் பழகிய வாய் அது. நீ சொன்னதை அவருக்குச் சொல்ல நான் அவருடைய கையைப் பிடித்தேன். மண்டபம் முழுக்க உன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. அவர் எனக்குக் கட்டை விரலைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டார். மணி அடித்தது. நீ எழும்பினாய். என் கையில் துவாய்தான் இருந்தது.

இன்னும் ஒன்பது தடவை அதே நிலைமை வந்தாலும் ஒன்பது தடவையும் எறிவேன். ரீகாவில் உன் மூலையில் நிற்கப்போகிறவனுக்குத் தமிழ் தெரியுமா?

சூசைதாசன்


கோலியர்ஸ் வுட்
24 மார்ச் 2025

அத்தான்,

நான் நம்பவில்லை.

சண்டையின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் ஏதோ சொல்கிறேன், நீங்கள் குனிகிறீர்கள். சத்தம் இல்லை. நீங்கள் சொல்வதற்குச் சாட்சியும் இல்லை. வாயசைவைப் பார்த்தால் எதுவும் இருக்கலாம். "தண்ணி தாங்கோ" என்றும் இருக்கலாம்.

பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். அம்மாவை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? அவ்வளவு தூரம் போகவேண்டுமா? லோஜினி உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் சமையலறைக்குள் போனால் என் முகத்தைப் பார்க்கிறாள். தேத்தண்ணிக்குச் சீனி போட்டேனா என்று நான் கேட்டால் அதற்கும் பார்க்கிறாள். எல்லோரும்தானே கேட்பார்கள்?

உங்கள் மதிப்பீட்டுக்கும் பதில் சொல்கிறேன். பட்டம் எடுத்தபோது அவனுக்கு முப்பத்தொன்பது வயது என்கிறீர்கள். அவன் அதற்கு முதல் மாதம் இருபத்தாறு வயதுக்காரனை இரண்டாம் ரவுண்டில் படுக்கவைத்தவன். அதை எழுதமாட்டீர்களா? நான் தொடங்கும்போது பிளேஸ்டோ ஜிம்மில் என்னைக் 'கறி' என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கு அதே சுவரில் என் படம் இருக்கிறது. அதன் கீழே நின்று கயிறு அடித்துப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளில் பாதி நம்முடைய பிள்ளைகள். நீங்கள் சொல்வது வெளியே வந்தால் அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? தலை கலங்கினவன் என்றுதானே? அப்டன் பார்க் தமிழ்க் கடைகளில் எப்படிக் கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

மலரில் நீங்கள் பயந்து எறிந்ததாக எழுதுங்கள். அவசரப்பட்டதாக எழுதுங்கள். என்னவென்றாலும் எழுதுங்கள். இதை எழுதாதீர்கள்.

அன்றைக்கு வேறு ஏதாவது சொன்னேனா? சும்மா கேட்கிறேன். நம்புகிறேன் என்று அர்த்தமில்லை.

றொஜன்


பிளேஸ்டோ
6 ஏப்ரல் 2025

றொஜன்,

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

உன் கடிதத்தை பிறின்சி எடுத்து வாசித்துவிட்டாள். முதலில் எனக்கு ஏசினாள், சொல்லவில்லை என்று. பிறகு உனக்கு. பிறகு குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள், கழுவிய பாத்திரங்களையே. இப்போது டெலிபோன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறாள்.

அப்டன் பார்க் கதை எனக்குத் தெரியாதா என்று கேட்கிறாய். போன கிழமை மீன் வாங்கப் போனேன். விளைமீனை வெட்டிக்கொண்டே கடைக்காரர், "அண்ணை, கை துடைக்கத் துவாய் கிடக்கோ?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மேப்லியின் ஆட்களிடம் ஏதோ வாங்கினேன் என்றும் ஒரு கதை ஓடுகிறது. பஸ்ஸில் ஏறுகிற நம் சனம் என்னைக் கண்டால் மேல் தட்டுக்குப் போகிறது. இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது உனக்காகத்தான். அதை நீ கணக்கிலே எடுக்காதது எனக்குச் சுடுகிறது, சொல்லாமல் விடமுடியவில்லை.

ஆனாலும் நீ கேட்டபடியே செய்கிறேன். கட்டுரையை மாற்றி எழுதிவிட்டேன். சூசைதாசன் பயந்தவன், கண் முன்னால் இருந்த வெற்றியைக் காணாதவன், றொஜனின் கடைசி வெற்றியைக் கெடுத்தவன் என்று என் கையாலேயே எழுதினேன். கிறிஸ்துநாயகத்துக்கு வாசித்துக் காட்டினேன். "இப்பதான் மலருக்கு ஏற்ற சாமான்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். நான் கோழையாகவே இருந்துவிடுகிறேன், எனக்கு ஒன்றும் குறையாது. நீ ரீகாவை விடு. உன் பெயர் உனக்கு, உன் தலை எங்களுக்கு. இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.

சூசைதாசன்


கோலியர்ஸ் வுட்
22 ஏப்ரல் 2025

அத்தான்,

ரீகாவை விட ஏலாது. பெயர் போட்டாயிற்று, சுவரொட்டியும் வந்துவிட்டது. நீங்கள் கோழை என்று மலரில் வாசித்துச் சனம் கைதட்டும். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? மேடையில் பொன்னாடையோடு நான், கீழே கடைசி வரிசையில் நீங்கள். அந்த மாதிரிப் பெயர் எனக்கு வேண்டாம். ரிங்குக்குள் வென்று எடுக்கிறேன்.

பயிற்சி நன்றாகப் போகிறது. நித்திரைதான் இல்லை. படுத்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எழும்பி நடக்கிறேன், திரும்பப் படுக்கிறேன், ஆற்றோரப் பாதை வரைக்கும் ஓடிவிட்டு வருகிறேன். எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது போலவே இருக்கிறது. சண்டைக்கு முன் எல்லோருக்கும் இப்படித்தான்.

ஒன்று கேட்கவேண்டும். ரீகாவுக்கு வாருங்கள். ஸ்டீவ் நல்ல மனிதர், ஆனால் ரவுண்ட் முடிந்து வந்து இருந்தால் அவர் பேசுவது எனக்குள் இறங்குவதில்லை. நீங்கள் மூலையில் நில்லுங்கள். பதினான்கு வருடம் உங்கள் குரல்தான். துவாய் மட்டும் ஸ்டீவிடம் இருக்கட்டும்.

றொஜன்


பிளேஸ்டோ
26 ஏப்ரல் 2025

றொஜன்,

வரமாட்டேன்.

நான் நின்றால் அத்தான் பார்த்துக்கொள்வார் என்று நீ பயமில்லாமல் அடி வாங்குவாய். கையில் துவாயும் இல்லாமல் உன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை இன்னொரு தரம் கேட்க என்னால் முடியாது. என்னைக் கட்டாயப்படுத்தாதே.

பிறின்சி மே 31 முழுவதும் மாதா சுரூபத்துக்கு முன்னால் இருக்கப் போகிறாளாம். நான் அன்றைக்கு ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

சூசைதாசன்


கோலியர்ஸ் வுட்
14 மே 2025

அன்புள்ள அத்தான்,

ஒழுங்காகச் சொல்ல வருகிறதா பார்க்கிறேன். இதை மூன்றாம் தரம் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை குரொய்டனில் ஸ்பாரிங், பயிற்சிச் சண்டைதான். எதிரில் நின்ற பெடியன் பெரிய அடிக்காரன் இல்லை. காதுக்குப் பக்கத்தில் ஒன்று பட்டது. மெல்லிய அடி. நான் விழவில்லை, ஆடவுமில்லை. ரவுண்டை முடித்துவிட்டு இறங்கினேன், உடுப்பு மாற்றினேன், ஸ்டீவுக்குக் கை கொடுத்தேன். வீட்டுக்கு வர டிராமில் ஏறினேன். எனக்கு எல்லாமே சரியாக இருந்தது.

டிராமில் இருக்கும்போது ஸ்டீவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூடவே, உன் மந்திரம் பிரமாதம், ரீகாவிலும் இதைச் சொல்லு என்று எழுதிச் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்.

உடுப்பு மாற்றுகிற அறை. நான் வாங்குப் பலகையில் இருக்கிறேன். கையுறை கழற்றியாயிற்று. சுவரைப் பார்த்துக் கதைக்கிறேன். "அத்தான், இது எத்தினையாம் ரவுண்ட்? தண்ணி தாங்கோ. உவன் ஆர் எங்கடை மூலையிலை நிக்கிறான்? உவனைப் போகச் சொல்லுங்கோ." உவன் என்று நான் கையைக் காட்டுவது ஸ்டீவை. அவர் சிரித்துக்கொண்டே, எப்படி இருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். நான் திரும்பி, நல்லாக இருக்கிறேன், எந்த நேரமும் தயார் என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன். சிரிக்கவும் செய்கிறேன். பிறகு சுவருக்குத் திரும்பி, "அத்தான், தண்ணி" என்கிறேன்.

எனக்கு இதில் ஒன்றும் ஞாபகம் இல்லை அத்தான். ஒரு சொல்கூட இல்லை. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு விம்பிள்டன் வரை போய்விட்டேன். அங்கே டிராம் மேடையில் நின்று அழுதேன். அந்த அறையில் ஐந்து பேர் நிற்கிறார்கள், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. பெத்னல் கிரீனில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களை நம்பாமல் விட்டேன். அம்மாவின் பேரில் கதை கட்டுகிறீர்கள் என்றும் எழுதினேன்.

ரீகாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கத்தினார்கள். கத்தட்டும். ஸ்டீவுக்கு அந்த வீடியோவின் அர்த்தத்தைச் சொன்னேன், பாவம், வெளிறிப்போனார்.

மலர்க் கட்டுரையைக் கிழியுங்கள். முதலில் எழுத நினைத்ததை எழுதுங்கள். கால் சோம்பல், கை இறங்கும், முழங்கால் சரியில்லாதவனிடம் பட்டம் எடுத்தான், எல்லாம் இருக்கட்டும். தோள் அவ்வளவு நோகவில்லை. அதையும் எழுதலாம். நல்ல வீரன் என்ற சொல்லை மட்டும் வெட்டாதீர்கள், எனக்கு அது போதும். துவாயைப் பற்றி உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதுங்கள். ஜிம்மில் கயிறு அடிக்கிற பிள்ளைகள் வாசிக்கட்டும். அவர்களும் மூலையில் தமிழில்தான் கதைக்கிறார்களாம், என்னைப் பார்த்துப் பழகியது. யாரும் விளங்காமல் சிரிக்கிற இடத்தில் அவர்கள் தனியாக இருக்கக் கூடாது.

அக்காவிடம் நானே சொல்கிறேன். ஞாயிறு பூசை முடிய வருகிறேன். எனக்கு ஏச வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லி வையுங்கள். ஏசினாலும் பரவாயில்லை.

லோஜினி டொக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறாள். ஜூன் 3, செவ்வாய். தலையை ஸ்கான் எடுத்த பிறகு நரம்பு டொக்டர் என்னை இருத்தி வைத்துக் கேள்வி கேட்பாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தச் சண்டைக்கும் இப்படிப் பயந்ததில்லை. அன்றைக்கு உங்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு வாருங்கள். அவர் ஆங்கிலத்தில்தான் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுவேன். அவர் கேட்டு முடிந்ததும், நீங்கள் தமிழில் கேளுங்கள்.

றொஜன்